மாமனார் சாய்ந்த இடம்

சோபா வாங்கிய மூன்றாவது வாரம் ஊரிலிருந்து மாமனார் வந்தார். அவர் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர் அல்ல. குளித்துவிட்டு எண்ணெய் தேய்ப்பவர். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது அவர் பஸ் ஏறிய பிறகுதான் புரிந்தது. சோபாவின் முதுகில், தேங்காய் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம்.

துணி ஸ்வேட். அசல் ஸ்வேட் என்றால் தோலின் உட்புறத்தைத் தேய்த்து மெதுமெதுவென்று ஆக்குவது. அதெல்லாம் நம் சம்பளத்துக்கு வராது. இது பாலியஸ்டர். 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்பவர் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையில் செயற்கை ஸ்வேட் உண்டாக்கினார். எங்கள் சோபா அதற்கு மூன்றுவிட்ட தம்பி முறை. விரலால் ஒரு பக்கம் கோதினால் வெளுப்பு, மறுபக்கம் கோதினால் கறுப்பு. என் மகனுக்கு அதுதான் சிலேட்டு. ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்தால் கைப்பிடியில் ‘அப்பா 50 ரூபாய் தரணும்’ என்று எழுதியிருந்தது. உள்ளங்கையால் ஒரு தடவு தடவினேன், கடன் தீர்ந்தது.

எண்ணெய்க்கறை அப்படித் தீரவில்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். காய்ந்ததும் பழைய வட்டத்தைச் சுற்றிப் புது வட்டம். தண்ணீர் காயும்போது துணியில் இருக்கும் அழுக்கையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் அங்கே கோடாக விட்டுவிடுகிறது. அந்தக் கோட்டை அழிக்க இன்னும் அகலமாகத் துடைத்தேன். இரவுக்குள் தேங்காய் பூசணிக்காய் ஆகிவிட்டது.

“எங்கப்பா வச்சது சின்னதுதான். மீதி உங்க கைங்கர்யம்” என்றாள் மனைவி.

அப்போது மகன் மெத்தையைத் தூக்கி அடியில் தைத்திருந்த சீட்டைக் காட்டினான். ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்து. வாங்கிய அன்றே நானும் பார்த்ததுதான், ஸ்மால் சைஸ் என்று நினைத்துவிட்டேன். தேடிப் பார்த்தால், தண்ணீர் ஆகாது, சால்வென்ட், அதாவது தண்ணீர் அல்லாத கறை கரைக்கும் திரவம், மட்டுமே என்று அர்த்தமாம். ‘டபிள்யூ’ போட்டிருந்தால்தான் தண்ணீர் வைக்கலாம்.

சரி என்று இரவு முகப்பவுடரைக் கொட்டி வைத்தேன், எண்ணெயை உறிஞ்சட்டும் என்று. காலையில் அதை உதறிவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய், சால்வென்ட்டாகவும் உதவும் என்று, காயம் துடைக்கிற ஸ்பிரிட்டான ஐசோபுரொபைல் ஆல்கஹால் கேட்டேன்.

“யாருக்கு சார் அடி?”

“சோபாவுக்கு.”

கடைக்காரர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் ஜன்னலையெல்லாம் திறந்து, அம்மாவிடம் கெஞ்சிக் காமாட்சி விளக்கை மலையேற்ற வைத்தேன். “சோபாவுக்காக விளக்கை அணைக்கிற வீட்டை இப்பதான் பார்க்கிறேன்” என்றாள். முதலில் பின்பக்கம் யார் கண்ணிலும் படாத மூலையில் கொஞ்சம் தெளித்துப் பார்த்தேன், சாயம் போகவில்லை. துடைக்கிற துணி வெள்ளையாக இருக்க வேண்டும், கலர் துணி என்றால் அதன் சாயம் சோபாவில் ஏறும். வீட்டில் வெள்ளை என்று இருந்தது என் பழைய வேட்டி ஒன்றுதான். தெளித்துத் துடைக்கத் துடைக்க வேட்டி டீக்கடை வடிகட்டி நிறத்துக்கு வந்தது. அதைப் பார்ப்பதில் இருந்த சந்தோஷம் சோபா வாங்கியபோதுகூட இல்லை.

காய்ந்ததும் துணி அப்பளம் மாதிரி விறைத்தது. பழைய டூத் பிரஷ்ஷால் உலர்வாகவே கோதிவிட்டேன், மெதுமெதுப்பு திரும்பியது. ஆனால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று நின்றது. மற்ற இடமெல்லாம் அவ்வளவு அழுக்கு என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் என்ன, ஞாயிற்றுக்கிழமை முழுக்க முழு சோபா.

அடுத்த மாதம் மாமனார் மறுபடி வந்தார். மனைவி முன்னெச்சரிக்கையாகச் சோபா முதுகில் புதுத் துண்டு ஒன்றை விரித்து வைத்திருந்தாள். அவர் உட்காரப் போனவர், துண்டைக் கவனமாக எடுத்து நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார்.

“புதுசா இருக்கு மாப்ளே, தலை எண்ணெய் பட்டா வீணாயிடும்.”

சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார்.