பள்ளிக்கூட நிலவறையில் பத்துத் தகரப்பெட்டிகள்

பழைய மாணவர்கள் பள்ளிக்குச் செய்தது என்றால் நம் மலர்களில் கட்டடமும் புலமைப்பரிசிலும்தான் வரும். போலந்தின் வார்சோவில், நொவொலிப்கி வீதி 68ஆம் இலக்கத்திலிருந்த பள்ளியில், 1942 ஆகஸ்டில் இஸ்ரேல் லிக்டென்ஷ்டைன் என்ற ஆசிரியரும் அவரிடம் படித்த இரண்டு பெடியன்களும் நிலவறையைத் தோண்டினார்கள். நம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் திகதிகளோடு முடிந்துபோனது, இது வரவேயில்லை.

அவர்கள் புதைத்தது 'ஓனெக் ஷபாத்' சேகரிப்பு, நாஜிகள் வார்சோ யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவின் வாழ்க்கையை இரகசியமாகப் பதிந்த ஆவணங்கள். குழுவினர் சனிக்கிழமைகளில் கூடியதால் 'ஓய்வுநாள் மகிழ்ச்சி' என்று மறைபெயர். கெட்டோவை மூடிய ஒரு வாரத்துக்குள், 1940 நவம்பரில், வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்ப்ளூம் ஆட்களைச் சேர்த்தார். கடத்தல், பெண்கள், பள்ளி, தொழில்முகாம் என்று தலைப்புவாரியாகக் கேள்விக்கொத்துத் தயாரித்தார்கள். செயலாளர் ஹெர்ஷ் வாசர் தானே வூட்ஜிலிருந்து வந்த அகதி. அகதிகளைப் பார்க்கும் குழுவில் வேலை. ஊர்விட்டு வந்தவர்களை அவர் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. சொன்னதை எழுதி, காபன் வைத்துப் பிரதியும் எடுத்தார்கள். 1942 தொடக்கத்தில் ஹெல்ம்னோ முகாமிலிருந்து தப்பிவந்த ஒருவர், வாகனத்துக்குள் புகையடைத்துக் கொன்றதையும், பிணங்களைப் புதைக்கத் தன்னை நிறுத்தியதையும் சொன்னார். அந்த விவரம் போலிஷ் தலைமறைவு இயக்கத்தின் வழியாக லண்டன்வரை போனது.

நாட்குறிப்பு, பிள்ளைகளின் கட்டுரைகள் மட்டுமல்ல; இனிப்புச் சுற்றிய தாள், டிராம் பயணச்சீட்டு, பங்கீட்டு அட்டை, இசை நிகழ்ச்சி அழைப்பிதழ் எல்லாம் வைத்தார்கள். என்னைக் கேட்டால் அவர்களுடைய கெட்டித்தனம் அங்கேதான். நாட்குறிப்பை யாரும் பத்திரப்படுத்துவார்கள், மிட்டாய்த் தாளை யார் வைப்பார்கள்?

அவர்கள் தவறவிட்டது பெட்டியில். பத்துத் தகரப்பெட்டிகளும் நீர் புகாதபடி அடைக்கப்படவில்லை. 1946 செப்டெம்பர் 18இல் எடுத்தபோது உள்ளே தண்ணீர். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்திருந்தது, புகைப்படங்கள் மோசமாகப் பழுதாகியிருந்தன. அதுவும் வீதியே கல்மேடாகிவிட்ட இடத்தில், உயிர்தப்பிய வாசர் காட்டித்தான் கிடைத்தது. ஏறத்தாழ அறுபது பேர் வேலைசெய்த குழுவில் எஞ்சியவர்கள் அவர், மனைவி புளூமா, ராஹேல் அவர்பாக் மூவரே. 1943 பெப்ரவரியில் புதைத்த இரண்டாம் பகுதி பால் கேன் இரண்டில் இருந்தது. கழுத்து ஒடுங்கி, மூடி இறுகும் பாத்திரம். 1950 டிசெம்பரில் கட்டட வேலையாட்கள் கண்டெடுத்தபோது தாள்கள் பெரும்பாலும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. மூன்றாவது பகுதி இன்றுவரை அகப்படவில்லை. கிடைத்தவை சுமார் 35,000 பக்கம்.

தகரப்பெட்டிகளை மூடுமுன் ஆசிரியரும் அந்த இரண்டு பெடியன்களும் தங்கள் கடிதங்களையும் உள்ளே வைத்தார்கள். பெடியன்களில் டாவிட் கிராபருக்கு 19 வயது. நாஹும் கிஷிவாச்சுக்கு 18. எழுதிக்கொண்டிருக்கும்போதே தாய் தகப்பன் இருந்த கட்டடத்தைச் சுற்றிவளைத்துவிட்டார்கள் என்று சேதி வர, ஓடிப்போய்ப் பார்க்கப்போகிறேன் என்று நாஹும் எழுதுகிறான். அதற்குக் கீழே, தன் பெயர் நாஹும் கிஷிவாச் என்பதை ஞாபகம் வைத்திருங்கள் என்று ஒரு வரி.