வெளிநாட்டில் படுத்துவிட்டால்: ஓர் இரவு ஷிஃப்ட் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

பயணக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் அவசர எண் இருக்குமே, அதை அடித்தால் எடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. இரவு ஷிஃப்ட். இந்த மாதம் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. யார் என்று தெரியாதபடி மாற்றித்தான் எழுதுவேன்.

இன்று ஆரம்பத்திலேயே ஒரு பெரிய கேஸ். போர்ச்சுகலில் லிஸ்பனுக்குச் சுற்றிப் பார்க்கப் போன 68 வயது அம்மா, விடுதிக் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மகள் ஆம்புலன்ஸிலிருந்தே பேசினார். "பாலிசி முப்பதாயிரம் யூரோவுக்கு இருக்கு மேடம், போதும்தானே?"

ஷெங்கன் விசாவுக்கு, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசாவுக்கு, கட்டாயம் காட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை அது. அவசரச் சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்புவது, இறந்துபோனால் உடலை அனுப்புவது எல்லாம் அதற்குள் வர வேண்டும். பெரும்பாலானவர்கள் விசா கிடைத்ததும் அந்தக் காகிதத்தை மறந்துவிடுகிறார்கள். அவசரம் என்று வந்தால் நினைவில் இருப்பது தொகை மட்டும்தான். எனக்கு அந்தத் தொகை அப்போது முக்கியமில்லை. எந்த ஆஸ்பத்திரி, அரசா தனியாரா, எப்படி விழுந்தார், தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். மாத்திரைக் கேள்விக்கு மகள் கொஞ்சம் தயங்கினார். "ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு போடுறாங்க."

விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். "தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள்" என்ற கட்டத்தில் "இல்லை" என்று இருந்தது. அதை நிரப்பியது பாலிசி விற்ற ஏஜென்டாம். அம்மா கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்.

கேஸ் நம்பர் கொடுத்து, அதை ஆஸ்பத்திரி பில்லிங் ஆட்களிடம் சொல்லச் சொன்னேன். முன்பணம் கேட்டால் கார்டைத் தேய்ப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் என்றும் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

அறுவை சிகிச்சை இன்று இல்லை. அம்மா சாப்பிடுவது வார்ஃபரின். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5க்குக் கீழே இறங்காமல் கத்தி வைக்க மாட்டோம் என்கிறார்கள். அளவை இறக்க வைட்டமின் கே கொடுத்திருக்கிறார்கள். இடுப்பு முறிவை ஓரிரு நாளுக்குள் சரிசெய்துவிட வேண்டும், தள்ளத் தள்ள நுரையீரல் சளி, படுக்கைப் புண் என்று வேறு வினைகள் சேரும். இது அந்த டாக்டர்களுக்கும் தெரியும், எங்கள் டாக்டருக்கும் தெரியும். ஆனால் ரத்தம் நிற்காத ஆளை யார் மேசையில் ஏற்றுவது?

ஆஸ்பத்திரி எதிர்பார்ப்பது எங்கள் உத்தரவாதக் கடிதத்தை. "இவ்வளவு வரைக்கும் நாங்கள் கட்டுகிறோம்" என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள். அந்தக் கடிதம், பணம் கட்டலாமா என்று முடிவு செய்யும் எங்கள் கிளெய்ம் பிரிவில் நிற்கிறது. முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறார்கள், இது பாலிசியில் வராது என்கிறார் அங்கே ஒருவர்.

அட்மிஷன் குறிப்பை வரவழைத்து, மொழிபெயர்க்கக் கொடுத்து, வரி வரியாகப் படித்தேன். நான் தேடியது ஒரே விஷயம்: வழுக்கி விழுந்தாரா, மயங்கி விழுந்தாரா? மயங்கி என்று இருந்தால் மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் இதயக் கோளாறுதான் காரணம் என்பார்கள், கேஸ் அங்கேயே படுத்துவிடும். வழுக்கி என்றால் விபத்து. விபத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. அவசரப் பிரிவில் பதிந்த நர்ஸ் எழுதியிருந்தது: "ஈரத் தரையில் கால் வழுக்கியது, நினைவு தப்பவில்லை, தலையில் அடியில்லை." முகம் தெரியாத அந்த நர்ஸுக்கு ஒரு கும்பிடு.

மார்ச் 7, வெள்ளி

கடிதம் நேற்று இரவு போனது. எலும்பு முறிவுக்கும் அறுவைக்கும் மட்டும். காத்திருந்த நாட்களின் செலவு "பிறகு முடிவு செய்யப்படும்". இன்று காலை அறுவை முடிந்துவிட்டது. மகள் அழுதுகொண்டே நன்றி சொன்னார், அப்புறம் அடுத்த மூச்சிலேயே "நாளைக்கே கூட்டிட்டுப் போயிடலாமா மேடம்?" என்றார். அதைப் பற்றி வேறொரு நாள்.

மார்ச் 9, ஞாயிறு

பனிச்சறுக்கு சீசன் இன்னும் முடியவில்லை. ஆஸ்திரியாவில் மலைச்சரிவில் முழங்கால் திருகிக்கொண்ட இளைஞர். ஐரோப்பியக்காரர். கையில் ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, பிறகு எதற்கு பில் என்று கத்துகிறார். அந்த அட்டை நல்ல அட்டைதான், இலவசமும்கூட. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளோடு ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்திலும் செல்லும். அந்தந்த ஊர்க்காரருக்கு அரசு மருத்துவத்தில் என்ன கிடைக்குமோ அது இவருக்கும் கிடைக்கும். அவ்வளவுதான். மலையிலிருந்து இறக்கிய ஹெலிகாப்டரும், அது கொண்டுபோய் விட்ட தனியார் கிளினிக்கும் அதில் வராது. நல்ல வேளையாகத் தனிப் பாலிசியும் எடுத்திருந்தார், அதில் குளிர்கால விளையாட்டும் சேர்த்திருந்தார். பத்து நிமிடத்தில் குரல் இறங்கிவிட்டது.

இதேபோல இன்னொரு குழப்பம், பிரிட்டனில் எல்லாம் இலவசம் என்பது. அவசரப் பிரிவுக்குள் பார்ப்பது யாருக்கும் இலவசம். வார்டில் சேர்த்த நிமிடத்திலிருந்து கணக்கு வேறு, விலக்கு இல்லாத வெளிநாட்டுக்காரருக்கு இங்கிலாந்தில் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம். நியூசிலாந்து இதற்கு நேர் எதிர் மாதிரி விசித்திரம். 1974 முதல் அங்கே விபத்துக்கு அரசுக் காப்பீடு இருக்கிறது, சுற்றுலா வந்தவருக்கும் உண்டு. ஆனால் அதே ஆளுக்குக் குடல்வால் வீங்கினால் சொந்தப் பணம்.

மார்ச் 12, புதன்

வாடகை ஸ்கூட்டர், கணுக்கால் முறிவு. கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கிற ஆள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினார். அதில் இருசக்கர வண்டிக்கான 'ஏ' பிரிவில் முத்திரையே இல்லை. கிளெய்ம் நிராகரிப்பு. வாதாட எனக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை, நான் தேடவும் இல்லை. வண்டி வாடகைக்குக் கொடுப்பவர்கள் லைசென்ஸைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு வேண்டியது பாஸ்போர்ட்டும் பணமும்தான்.

மார்ச் 17, திங்கள்

லிஸ்பன் அம்மா வாக்கர் பிடித்து நான்கு அடி நடந்திருக்கிறார். மகளுக்கு விடுப்பு முடிகிறது, தினமும் ஒரே கேள்விதான்: எப்போது விமானம்?

குடும்பங்களோடு சண்டை வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஊருக்குத் திருப்பி அனுப்புவது பாலிசியில் இருக்கிறது, உண்மை. ஆனால் எப்போது, எப்படி என்பதைச் சொல்வது நோயாளியைப் பார்க்கும் டாக்டரும் எங்கள் டாக்டரும். அதற்குமேல் விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை நிரப்பி, அவர்கள் டாக்டரும் சரி என்று சொல்ல வேண்டும். விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல் இருப்பது போல. நமக்கு அது தெரியாது, ஆக்சிஜன் குறைவாக ஓடும் உடம்புக்குத் தெரியும். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் காலில் ரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து சாதாரண ஆளுக்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவருக்கோ புதிதாக இடுப்பு அறுவை, அதோடு ரத்த மாத்திரையை நிறுத்தி மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

ஸ்ட்ரெச்சர் வேண்டுமா என்று பேச்சு வந்தது. சாதாரண விமானத்தில் ஸ்ட்ரெச்சர் போட வேண்டுமென்றால் பல இருக்கைகளை மடக்கித் திரை கட்ட வேண்டும், எல்லா விமானத்திலும் முடியாது, நாள் கணக்கில் முன்னாலேயே கேட்க வேண்டும். நல்லவேளை, எங்கள் டாக்டர் அது வேண்டாம் என்றார். படுக்கையாக விரியும் இருக்கை, கூட ஒரு நர்ஸ், ரத்தம் கட்டாமல் இருக்கத் தினம் வயிற்றில் ஓர் ஊசி, வாசலிலிருந்து வாசல்வரை சக்கர நாற்காலி. அறுவை முடிந்து இரண்டு வாரமாவது ஆகட்டும் என்றார். மகள் போனை வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, தனக்கும் அதே விமானத்தில் இடம் உண்டா என்று கேட்டார். ஒரு துணைக்குப் பாலிசியில் இடம் உண்டு, ஆனால் சாதாரண வகுப்பில்.

மார்ச் 22, சனி

நேற்று இரவு பத்திரமாக ஊர் சேர்ந்துவிட்டார்கள். நர்ஸ் அனுப்பிய குறிப்பில் வலி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் ஒழுங்கு. "நோயாளி இரண்டு முறை தூங்கினார், ஒரு முறை என்னைத் திட்டினார்" என்றும் இருந்தது.

கிளெய்ம் பிரிவின் முடிவும் வந்துவிட்டது. அறுவை, வார்டு, பயணம் எல்லாம் கட்டப்படும். அறுவைக்கு முன் ஐ.என்.ஆர். இறங்கக் காத்திருந்த நாட்களின் படுக்கைச் செலவு மட்டும் குடும்பத்தின் தலையில். சொல்லாத மருந்தால் வந்த தாமதம் என்பது வாதம். மொத்தப் பாலிசியையே ரத்து செய்யாமல் விட்டதற்குச் சந்தோஷப்படு என்றார் உடன் வேலை செய்பவர். பிரிட்டனில் 2012 சட்டப்படி, வேண்டுமென்றே மறைக்காமல் கவனக்குறைவாக விட்டிருந்தால், மருந்தைச் சொல்லியிருந்தால் எவ்வளவு கூடுதல் பிரீமியம் வாங்கியிருப்பார்களோ அந்த விகிதத்தில் மட்டும் குறைத்துத் தர வேண்டும். அதுகூட இதைவிட நியாயமாகப் படுகிறது எனக்கு. ஏஜென்ட் நிரப்பிய ஒரு கட்டத்துக்கு அந்த அம்மா பணம் கட்டுகிறார்.

மேல்முறையீட்டுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று மகள் கேட்டார். ஆஸ்பத்திரிக் கோப்பைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அறுவைப் பட்டியல் மார்ச் 5 அன்று முழுக்க நிரம்பியிருந்தது. மாத்திரையே சாப்பிடாத ஆளாக இருந்தாலும் அன்று மேசை கிடைத்திருக்காது. அதை அறுவை செய்த டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கச் சொன்னேன், தேதியோடும் முத்திரையோடும். லிஸ்பனுக்கு நாளையே மெயில் போடுகிறேன் என்றார்.