லூசியா பன் காயாமல் இருக்க: குங்குமப்பூ பன் செய்து பார்த்த குறிப்புகள்

ஸ்வீடனில் டிசம்பர் 13 லூசியா நாள். ஸ்டாக்ஹோம் பக்கம் அன்றைக்குக் காலை எட்டரை மணி தாண்டித்தான் சூரியன் எழும். அந்த இருட்டில், வெள்ளை அங்கியும் இடுப்பில் சிவப்புப் பட்டையும் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடமுமாக ஒரு பெண் முன்னால் நடக்க, மற்றவர்கள் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். பாட்டு முடிந்ததும் காப்பி. கூடவே, எஸ் எழுத்து மாதிரி இரு முனையும் சுருண்ட மஞ்சள் பன். இங்கே லுஸ்ஸேகாட்டர் என்பார்கள். எங்கள் வீட்டில் அது குங்குமப்பூ பன்.

அடுப்பிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட்டால் இதற்கு ஈடில்லை. சாயங்காலம் எடுத்தால் தொண்டையில் நிற்கும். கடையில் வாங்குவதும் பெரும்பாலும் அப்படித்தான், காப்பியில் நனைத்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். இந்த ஊர்க்காரர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆகவே இந்தப் பன்னில் நான் துரத்துவது ருசியை இல்லை, ஈரத்தை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான அட்வெண்ட் காலத்தில் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றி, மறுநாள் காலையில் பிய்த்துப் பார்ப்பேன்.

காய்வதற்குக் குங்குமப்பூதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அரை கிராம் பூ அரை கிலோ மாவின் ஈரத்தை எப்படி இழுக்கும்? என் சந்தேகம் அளவுக் குவளை மேல். இங்குள்ள செய்முறைகள் எல்லாம் டெசிலிட்டர் (100 மில்லி) கணக்கில் இருக்கும். ஒரு டெசிலிட்டர் மாவு என்றால் 60 கிராம் என்பது பொதுக் கணக்கு. மாவுப் பையில் குவளையை விட்டு அமுக்கி அள்ளினால் 70 கிராம் வரை ஏறிவிடும். எட்டரை டெசிலிட்டர் கேட்கும் செய்முறையில் அது 510-க்குப் பதில் 595 கிராம். கூடுதலாகப் போன அந்த 85 கிராம் மாவே பன்னைக் காய வைக்கப் போதும். தராசு வைத்து எடை போட ஆரம்பித்ததும் கண்ட வித்தியாசம், அதற்கப்புறம் செய்த எந்த மாற்றத்திலும் வரவில்லை.

இப்போது நான் எடுக்கும் அளவு இது: மாவு 500 கிராம், பால் 250 மில்லி, வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 90 கிராம், கேசெல்லா 125 கிராம், பச்சை ஈஸ்ட் 25 கிராம், உப்பு அரை டீஸ்பூன், குங்குமப்பூ அரை கிராம். மேலே தடவ ஒரு முட்டை, சுருள்களின் நடுவில் கண் மாதிரி வைக்க உலர் திராட்சை. கேசெல்லா என்பது இங்கே கிடைக்கும் கெட்டியான, புளிப்புக் குறைந்த தயிர் வகை. அது கிடைக்காத இடத்தில் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர் போதும், நன்றாகவே வரும். மாவு, புரதம் கூடுதலாக உள்ள ரொட்டி மாவு. சாதாரண மாவிலும் பன் வரும், ஆனால் வெண்ணெயும் சர்க்கரையும் இவ்வளவு சேரும்போது அது சுமை தாங்காமல் கொஞ்சம் தட்டையாகப் பரவுகிறது.

குங்குமப்பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிசம்பரில் இங்கே எல்லாக் கடையிலும் அரை கிராம் பொட்டலமாகக் கிடைக்கும். பெரும்பாலும் பொடியாகவே இருக்கும். நான் இழையாக வாங்குகிறேன். ஒரு பூவில் மூன்றே மூன்று சூலக இழைகள்தான். கையால் பறித்து, கையால் பிரித்து, உலர்த்தி எடுக்கிறார்கள். அந்த விலை கொடுத்து வாங்கியதை வீணாக்க மனசு வராது. நிறத்தைத் தருவது குரோசின் என்ற பொருள். அது தண்ணீரில் கரையும், கொழுப்பில் கரையாது. அதனால் உருக்கிய வெண்ணெயில் பூவைப் போட்டு வைப்பதில் நிறத்துக்குப் பெரிய லாபம் இல்லை. இழைகளை ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கல்லுரலில் போட்டு நுணுக்குகிறேன். சர்க்கரையின் சொரசொரப்பு இழையை நன்றாக அரைத்துவிடும். அப்புறம் அளவுப் பாலிலேயே இரண்டு மேசைக்கரண்டி எடுத்துச் சூடாக்கி, அதில் கரைத்து மூடி வைப்பேன். மூடுவது முக்கியம், மணம் தரும் சாஃப்ரனால் சுலபமாக ஆவியாகிப் போகும். சிலர் வோட்கா அல்லது ரம்மில் ஊற வைக்கிறார்கள். அதுவும் நன்றாகவே மணத்தை இழுக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கான பன்னில் எனக்கு அது தேவைப்படவில்லை. ஒரு மணி நேரம் ஊறியதற்கும் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறியதற்கும் நிறத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. இப்போது முதல் நாளே ஊறப் போட்டுவிடுகிறேன்.

நிறம் இன்னும் வரட்டும் என்று ஒரு கிராம் போட்டும் பார்த்தேன். நிறம் வந்தது, கசப்பும் வந்தது. பூவிலுள்ள பிக்ரோகுரோசின் என்ற பொருள் தரும் கசப்பு அது. அரை கிலோ மாவுக்கு அரை கிராம் என்பதுதான் என் நாக்குக்குச் சரி. போனில் அம்மாவிடம் இதைச் சொன்னால், “பாயசத்துக்கு நாலு இழை போடுறதுக்கே கை நடுங்கும், நீ பன்னுக்குப் பொட்டலம் பொட்டலமாக் கொட்டுறியா?” என்கிறார். நியாயமான கேள்விதான்.

ஈஸ்ட் இங்கே 50 கிராம் கட்டியாகக் குளிர்ப்பெட்டியில் இருக்கும். இனிப்பு மாவுக்கென்று தனி வகையும் உண்டு. சர்க்கரை அதிகமானால் அது ஈஸ்ட்டின் உடம்பிலிருந்தே தண்ணீரை வெளியே இழுக்கும், சாதாரண ஈஸ்ட் சோர்ந்து போகும். இனிப்பு மாவுக்கான ஈஸ்ட் அதைத் தாங்கக்கூடியது. இரண்டிலும் செய்ததில், இனிப்பு வகை போட்ட மாவு தெளிவாக முந்தி உப்பியது. மற்றதும் உப்பும், பொறுமை வேண்டும். பாலின் சூடு 37 டிகிரி. விரலை விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது.

பிசைவதில் ஒரு மாற்றம் நல்ல பலன் தந்தது. வழக்கமான செய்முறையில் வெண்ணெயை உருக்கிப் பாலோடு கலந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் மாவில் புரத வலை பின்னுவதற்கு முன்பே கொழுப்பு போய்ப் பூசிக்கொள்கிறது. நான் வெண்ணெய் இல்லாமல் ஏழெட்டு நிமிடம் பிசைந்துவிட்டு, அப்புறம் மெத்தென்று இளகிய வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்க்கிறேன். நடுவில் மாவு கிழிந்து, குழகுழவென்று பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு பயமுறுத்தும். அங்கேதான் கை தானாக மாவுப் பை பக்கம் போகும். போகக்கூடாது. இன்னும் ஐந்து நிமிடம் பிசைந்தால் அதுவே சேர்ந்து பளபளப்பாகிவிடும். வெந்த பன்னைப் பிய்த்தால் பொடியாக உதிராமல் நார் நாராக வரும்.

அப்புறம் கூழ் முறை. ஜப்பானியப் பால் ரொட்டிக்குச் செய்வதுபோல், அளவு மாவிலிருந்து 25 கிராமும் அளவுப் பாலிலிருந்து பாதியும் எடுத்துச் சிறு தீயில் கிளறி, கெட்டியானதும் ஆற வைத்து மாவில் சேர்ப்பது. ஸ்டார்ச் 65 டிகிரி வாக்கில் வெந்து, நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பலன் உண்மை: இரண்டாம் நாளும் அமுக்கினால் எழும்பியது. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டது. லூசியா பன்னுக்கு லேசான கனமும், வாயில் உடையும் தன்மையும் வேண்டும். அதனால் கூழை விட்டுவிட்டுக் கேசெல்லாவையே வைத்துக்கொண்டேன்.

முதல் உப்பலுக்கு ஒரு மணி நேரம். அப்புறம் 70 கிராம் உருண்டைகளாகப் பிரித்தால் பதினைந்து பதினாறு வரும். உருண்டைகளைப் பத்து நிமிடம் துணி மூடி விட்டுவிட்டுத்தான் உருட்ட வேண்டும். உடனே உருட்டினால் மாவு பின்னுக்கு இழுத்து அடம் பிடிக்கும். 25, 30 சென்டிமீட்டர் கயிறாக உருட்டி, ஒரு முனையை மேல்நோக்கியும் மறு முனையை எதிர்ப்பக்கமும் இறுக்கிச் சுருட்டினால் எஸ். தளர்வாகச் சுருட்டினால் வேகும்போது அவிழ்ந்து உருவமே மாறிவிடும். இரண்டாவது உப்பல் அரை மணி நேரம். முட்டை தடவிய பிறகு திராட்சை. இது எங்கள் மகளின் வேலை. ஊற வைத்துப் பிழிந்த திராட்சையை, விரல் அடியில் தட்டும் வரை அழுத்தச் சொல்லியிருக்கிறேன். மேலாக வைத்தால் பன் உப்பும்போது வெளியே தள்ளி, கருகிக் கசக்கும். ஊற வைக்காத திராட்சை பன்னின் ஈரத்தையும் குடித்துவிடும்.

அடுப்புச் சூட்டில்தான் மிச்சப் பாதி ஈரம் இருக்கிறது. 180 டிகிரியில் நிதானமாகப் பதினைந்து நிமிடம் வைத்தது அழகாகச் சிவந்தது, உள்ளே வறண்டிருந்தது. 225 டிகிரியில் ஆறு முதல் எட்டு நிமிடம் வைத்தது ஈரத்தோடு வெளியே வந்தது. சிறிய பன்னுக்குச் சுருக்கென்று அதிகச் சூடு கொடுத்து எடுப்பதே மேல். ஆறாவது நிமிடத்திலிருந்து அடுப்புக் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும், போன் எடுக்கக் கூடாது. வெப்பமானியைக் குத்தினால் உள்ளே 90 டிகிரி காட்டியதும் எடுத்துவிடுகிறேன். தட்டிலிருந்து கம்பி வலைக்கு மாற்றி, மேலே சமையல் துணி போட்டு மூடுவேன்.

இவ்வளவு செய்தும், மேசை மேல் வைத்தால் இரண்டாம் நாள் ராத்திரிக்குள் வறண்டுவிடும். ஃபிரிட்ஜில் வைப்பது இன்னும் மோசம். வெந்த ஸ்டார்ச் மறுபடி இறுகுவதுதான் ரொட்டி பழசாவதற்கு முக்கியக் காரணம், ஃபிரிட்ஜ் குளிரில் அது வேகமாக நடக்கும். உறைநிலைக்குப் போனால் கிட்டத்தட்ட நின்றுவிடும். பக்கத்து வீட்டு மூதாட்டி, பன் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பையில் கட்டி ஃப்ரீசரில் போடுவார். நானும் அப்படியே செய்கிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் சுட்டு உறைய வைத்ததை, 13-ஆம் தேதி காலையில் 150 டிகிரி அடுப்பில் ஏழெட்டு நிமிடம் சூடாக்கினால் அன்று சுட்ட மாதிரியே இருக்கிறது. மைக்ரோவேவ் வேண்டாம், ஆறியதும் கல்லாகிவிடும்.

இந்த வருஷத்துக்கு இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஈஸ்ட்டைப் பத்து கிராமாகக் குறைத்து, பிசைந்த மாவை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் விட்டு, காலையில் உருட்ட வேண்டும். குளிர்ந்த மாவைக் கயிறாக உருட்டுவது சுலபமாக இருக்கும், குங்குமப்பூவுக்கும் மாவுக்குள்ளேயே ஊற நேரம் கிடைக்கும். இரண்டு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லவில்லை.