பாட்டியின் ஈயச் சொம்பில் ரசம்

ஷோகேஸில் இருந்த பாட்டியின் ஈயச் சொம்பை மறுபடி அடுப்பில் ஏற்றுவது என்று முடிவு செய்தேன். பாட்டி தினமும் ரசம் வைத்த பாத்திரம். கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்க்கும்போது எனக்குப் பாட்டி ஞாபகம் பாதிதான் வரும், மீதிக்கு அதில் ரசம் கொதிக்க வேண்டும்.

முதலில் உலோகத்தைச் சோதித்தேன். சமையலுக்கு ஆவது வெள்ளீயம் (டின்). காரீயம் (லெட்) கலந்திருந்தால் நஞ்சு. சொம்பின் எடை 620 கிராம். ஒரு பாத்திரம் தண்ணீரைத் தராசில் வைத்து, சொம்பை நூலில் கட்டி அடி தொடாமல் அமிழ்த்தினேன். தராசில் 85 கிராம் கூடியது, அது சொம்பு விலக்கிய தண்ணீரின் எடை. 620-ஐ 85-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 7.3, அதாவது வெள்ளீயத்தின் அடர்த்தி. காரீயத்துக்கு 11.3. ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தக் கணக்கில் பிடிபடாது. அதனால் நகையின் தரம் பார்க்கும் எக்ஸ்-ரே இயந்திரத்திலும் வைத்துப் பார்த்தேன். காரீயம் இல்லை என்று வந்தது. அப்பாடா!

அப்புறம் அடுப்பு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது. வெறும் சொம்பாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் அடி கழன்றுவிடும். "புளித்தண்ணிய ஊத்திட்டு அப்புறம் அடுப்புல வைடி" என்று பாட்டி அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். சின்ன பர்னர், குறைந்த தீ, ஜுவாலை பக்கவாட்டில் ஏறக் கூடாது. புளித்தண்ணீர், தக்காளி, ரசப்பொடி, உப்பு, பெருங்காயம் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டேன். பருப்புத் தண்ணீர் விட்டதும் நுரை கூடிக் கழுத்துவரை எழும்பியது. அந்த நொடியே இறக்கிவிட வேண்டும். தாளிப்பு இரும்புக் கரண்டியில்தான், காய்ந்த நெய்யின் சூட்டை ஈயத்தில் சோதிக்கக் கூடாது.

இறக்குவதற்கு மடித்த துணி. இடுக்கி கூடாது, ஈயம் அத்தனை மெத்து. விளிம்பில் எதிரெதிராக இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. தாத்தா ஒருநாள் அவசரத்தில் இடுக்கியால் தூக்கிய தடம். பாட்டி கடைசிவரை அதைக் காட்டிக் காட்டித் திட்டுவாள். பாத்திரக்கடைக்காரர் இதை எடுத்துக்கொண்டு புதுசு தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன், அந்தத் தடம் வேறு எந்தச் சொம்பில் கிடைக்கும்?

ரசம் நன்றாக வந்தது. புளி மட்டும் பாட்டி கைப்பக்குவத்துக்கு ஒரு படி தூக்கல். அடுத்து மிளகு ரசம். பருப்பு இல்லாததால் நுரை குறைவாகத்தான் வரும், எப்போது இறக்குவது என்று அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கப் போகிறேன்.