தேவை நேரத்தில் ஜெபிக்கும் முறை: எங்கள் ஜெபக்குழுவின் அனுபவம்

"ஆண்டவரே, எங்கள் தேவைகளையெல்லாம் சந்தியும்" என்று ஜெபித்துவிட்டு எழுந்தால், அதற்குப் பதில் வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதனால் கஷ்டத்தோடு வருகிற குடும்பத்தை உட்காரவைத்து முதலில் கணக்கு எழுதச் சொல்கிறோம். மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், கையிருப்பு எவ்வளவு, யாருக்குக் கட்ட வேண்டியது. இது அவிசுவாசம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் லூக்கா 11-இல் நடுராத்திரியில் சிநேகிதன் வீட்டுக்குப் போகிறவன், மூன்று அப்பம் என்று எண்ணிக்கை சொல்லித்தான் கேட்கிறான். நெகேமியாவைப் பாருங்கள். கிஸ்லே மாதத்தில் எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிற செய்தி கேட்டு அழுது உபவாசித்தவர், நிசான் மாதத்தில் பாரசீக ராஜா "நீ கேட்கிறது என்ன" என்றபோது திகைத்து நிற்கவில்லை. எத்தனை நாளில் திரும்புவேன், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் கொடுக்கும்படி ராஜாவின் வனக்காவலன் ஆசாப்புக்கு என்ன உத்தரவு வேண்டும் என்று அடுக்கடுக்காகச் சொல்கிறார். இடைப்பட்ட மாதங்களில் மனுஷன் ஜெபத்தோடு திட்டமும் போட்டிருக்கிறார்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரை நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். 1898-இல் அவர் இறப்பதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பயன்படுகிற சம்பவம் மேடையில் அதிகம் வராத ஒன்று. 1836-இல் முதல் இல்லம் திறப்பதற்கு முன் அவர் பணத்துக்காக, வீட்டுக்காக, ஊழியர்களுக்காகத் தனித்தனியாக ஜெபித்தார். எல்லாம் வந்தது. பிள்ளைகளைச் சேர்க்க மனு வாங்கும் நாளில் ஒருவரும் வரவில்லை. பிறகுதான் உறைத்தது: பிள்ளைகள் வரவேண்டும் என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. ஊரில் அநாதைகளுக்கா பஞ்சம் என்று நினைத்துவிட்டார். அன்றிரவு அதையும் கேட்டார், மறுநாளே முதல் மனு வந்தது. தானாக வந்துவிடும் என்று நாம் விட்டுவிடுகிற வரிதான் பெரும்பாலும் இடறும்.

இதற்காக நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். இடது பக்கத்தில் தேதி, தேவை, தொகை, கெடு. வலது பக்கம் காலி. வந்தது எதுவானாலும் அங்கே தேதியோடு ஏறும். 60,000 தேவைப்படும் இடத்தில் 8,000 வந்தால் 8,000 என்று எழுதி, மீதி 52,000 என்று போட வேண்டும். "முழுசும் வரட்டும், அப்புறம் எழுதலாம்" என்று விட்டவர்கள் பாதிப் பதிலை மறந்தே போகிறார்கள். கேட்டதற்குப் பதிலாக வேறொன்று வந்தால், கேட்டதை அடிக்காமல் வந்ததை எதிரில் எழுதுகிறோம். வாரம் ஒருமுறை, ஞாயிறு சாயங்காலம் பார்த்தால் போதும். தினமும் புரட்டினால் அது ஜெபக்குறிப்பாக இல்லாமல் கவலைக் கணக்காகிவிடும்.

இடது பக்கத்தில் தேவையைத்தான் எழுத வேண்டும், வழியை எழுதக்கூடாது. "சித்தப்பா மனசு இளகி பணம் தர வேண்டும்" என்று எழுதினால், சித்தப்பா தராத அன்றைக்கு ஆண்டவர் மேல் கோபம், சித்தப்பா மேல் பகை, இரண்டும் வரும்.

வீட்டில் ஆபரேஷன் என்றால் ஒரே வரியாக "சுகம்" என்று எழுத விடுவதில்லை. டாக்டர் சொன்ன தேதி, பணம், ரத்தம், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், இப்படி ஐந்தாறு வரியாவது வரும். ரத்தம் என்றால் எந்த குரூப், எத்தனை யூனிட். "ரத்தத்துக்காக ஜெபியுங்கள்" என்று சொன்னால் கூட்டத்தில் எல்லோரும் ஆமென் சொல்வார்கள். "ஓ நெகட்டிவ், 2 யூனிட், வியாழக்கிழமைக்குள்" என்று சொன்னால் யாராவது ஒருத்தர் "என் தம்பிக்கு அந்த குரூப்தான் அக்கா" என்பார். 18 வயது முடிந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் 3 மாதம், பெண்கள் 4 மாதம் இடைவெளி வேண்டும். இதையும் சேர்த்தே அறிவித்துவிட்டால் வீண் அலைச்சல் இல்லை.

பண வரிக்குப் பக்கத்தில் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் இது செல்லும். ஆபரேஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் பேசி அனுமதி வாங்கிவிட வேண்டும். பணம் கட்டி முடித்துவிட்டு அட்டையை நீட்டுகிறவர்கள்தான் அதிகம். 2 இராஜாக்கள் 4-இல் கடனில் தவித்த விதவைக்கும் எண்ணெய்க்கு முன்னால் பாத்திரம் வந்தது. அயல்வீடுகளில் எல்லாம் போய்க் கேட்டு வாங்கு, அதுவும் நிறைய வாங்கு என்று எலிசா சொன்னபிறகுதான் அற்புதம் நடக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வரும். முல்லர் தம் தேவையை மனுஷரிடம் சொல்வதில்லையே, நாம் சொல்லலாமா? ஒருவரிடமும் கையேந்தாமல் ஜெபத்தால் மட்டுமே ஆண்டவர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் போஷிப்பதை உலகம் காணட்டும் என்பதே அந்த இல்லங்களின் முதல் நோக்கம். அது அவருக்குக் கிடைத்த அழைப்பு. அதைச் சட்டமாக்கி, ஆஸ்பத்திரி வராந்தாவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் தாய்க்குப் போதிப்பது கொடுமை. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்னதும் அதே வேதம்தான்.

சொல்வதற்கும் எல்லை உண்டு. கூடுகையில் எதைச் சொல்லலாம் என்று குடும்பத்திடம் கேட்டுவிட்டே அறிவிக்கிறோம். கடன்காரன் பெயர், பிள்ளையின் கல்யாணப் பேச்சு முறிந்த காரணம், டெஸ்ட் ரிசல்ட் இவற்றை வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை பரவுவதால் எத்தனையோ பேர் ஜெபம் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

உபவாசம் பற்றிச் சுருக்கமாக. இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் சாப்பாட்டை விட வேண்டாம். டிவியையோ போனையோ ஒருநாள் விடலாம். எஸ்தர் மூன்று நாள் தண்ணீரும் குடிக்கவில்லை என்பதற்காக நம் ஊர் வெயிலில் யாரும் அதை முயல வேண்டாம். காபி குடித்துப் பழகியவர்கள் இரண்டு நாள் முன்பே குறைத்துக்கொண்டால் மத்தியானத் தலைவலி வராது. முடிக்கும்போது கஞ்சி. மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று யார் சொன்னாலும் கேட்கக்கூடாது.

எங்களுக்கு அதிகப் பயம் தருவது, கெடு நெருங்கும்போது வட்டிக்குப் பணம் கிடைத்தவுடன் "ஆண்டவர் வாசலைத் திறந்தார்" என்று சாட்சி சொல்வது. 10 வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாசம் 10,000 போகும், முதல் அப்படியே நிற்கும். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்தும் அந்தக் கடன் இன்னும் வீட்டு வாசலுக்கே வருகிறது. அப்படி வாங்கியதை நோட்டின் வலது பக்கத்தில் எழுத விடுவதில்லை. இடது பக்கத்தில் புதுத் தேவையாக ஏறும். பொருத்தனையும் இப்படித்தான். கலக்கத்தில் பெரிய தொகையை நேர்ந்துவிட்டுப் பிறகு அதற்கும் கடன் வாங்குகிறார்கள். நேர்ந்துவிட்டுச் செலுத்தாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நலம் என்று பிரசங்கி 5-லேயே இருக்கிறது. கடனில் நிற்பவரிடம் "காணிக்கையாக விதையுங்கள், நூறாக வரும்" என்று சொல்பவர்களுக்கு எங்கள் கூட்டத்தில் இடமில்லை.

சில பக்கங்களில் கேட்டது கிடைக்காது. பவுல் மூன்றுமுறை வேண்டியும் அவர் சரீரத்தில் இருந்த முள் எடுபடவில்லை. கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு வேண்டியும் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. எனவே மரணம் நடந்த வீட்டில் "இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருந்தால்" என்ற பேச்சை யார் எடுத்தாலும் அப்போதே நிறுத்துகிறோம். அந்தப் பக்கத்தைக் கிழிப்பதில்லை, தேதி போட்டு நடந்ததை எழுதுகிறோம். அடுத்த வாரம் அதே குடும்பத்துக்குப் புதுப் பக்கம்: இறப்பை 21 நாளுக்குள் பதிவது, வாரிசுச் சான்று, ஆஸ்பத்திரி பாக்கி, மூத்த மகளின் செமஸ்டர் ஃபீஸ், ராத்திரி அந்தம்மாவோடு துணைக்குப் படுத்துக்கொள்ள ஒரு ஆள்.