தடிமன் போகாத பட்டி

கால்நடை வைத்திய அலுவலகத்தில் எனக்கு வெளிக்கள வேலை. பார்ப்பது பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான். பன்றி வளர்ப்பவர்கள் எங்கள் பக்கம் கொஞ்சப் பேர். அவர்களில் ஒருவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் ஓர் அக்கா. குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளைப் படகுப்பாதையில் ஏற்றி மண்டூர்ப் பக்கம் இறங்கினால், வயல் தாண்டி அவருடைய பட்டி. முப்பது பன்றிகள் வரை, எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

அந்தப் பட்டியில் ஓர் இருமல் குடியிருந்தது. பெரிய பன்றிகள் நன்றாகத் தின்று கொழுக்கும். பால் மறந்த குட்டிகள்தான் மூக்கொழுகி, வயிறு எக்கி எக்கி இருமும். ஒரு கிழமையில் தேறிவிடும். சாவு அரிது, ஆனால் அதோடு வளர்த்தி பின்தங்கிவிடும். "மாரி பிறந்தா இதுகளுக்குத் தடிமன் வாறதுதானே சேர்" என்பார் அக்கா. நானும் சாக்கைக் கட்டிக் காற்றை மறைக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சித்திரை வெயிலிலும் அதே இருமலைக் கேட்டபோதுதான் உறைத்தது.

எங்கள் டொக்டர், குட்டி ஈன்ற திகதிகளை ஒரு கொப்பியில் எழுதிவரச் சொன்னார். எழுதிப் பார்த்தால், ஓர் ஈற்றுக் குட்டிகள் இருமி முடிக்கிற நேரத்தில் அடுத்த ஈற்றுக் குட்டிகள் பால் மறக்கின்றன. இந்த இருமல் பன்றி இன்புளுவென்சா. அது பிடித்த பன்றி வைரசை வெளிவிடுவது ஏறக்குறைய ஒரு கிழமைதான். பன்றியை விட்டுப் போகிற வைரஸ் பட்டியை விட்டுப் போவதில்லை. கடும்புப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் இறங்கும். அது இறங்குகிற நேரம் பார்த்துப் பக்கத்துக் கூட்டில் அண்ணன்மார் இருமிக்கொண்டு நிற்பார்கள். வெளியிலிருந்து ஒன்றும் வரத் தேவையில்லை. நான்தான் காற்றைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கூட்டை முழுதாகக் காலியாக்கி, கழுவிக் காயவிட்டு, ஒரே வயதுக் குட்டிகளை ஒன்றாக விட்டால் இந்தச் சங்கிலி அறும். சொன்னேன். "அதுமட்டும் நாங்க என்னத்தத் தின்னுற சேர்?" என்றார் அக்கா. சரி, அதற்கு என் கையேட்டில் பதில் இல்லை.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் படித்தேன். சினையையும் மூச்சையும் கெடுக்கிற பி.ஆர்.ஆர்.எஸ். என்ற பன்றி நோயின் வைரஸ், தேறிய பன்றியின் தொண்டைச் சதையிலும் நிணநீர்க் கணுக்களிலும் மாதக்கணக்கில் கிடக்கும். சினை நடுவில் தாய்க்குப் பழைய வகைப் பன்றிக்காய்ச்சல் தொற்றினால், பார்க்கச் சுகமாகப் பிறக்கிற குட்டியும் மாதக்கணக்கில் வைரசைக் கொட்டும். "சுகமான குட்டியாப் பார்த்து வாங்குங்க" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கையில் உறுதியானது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கோ மருந்து கிடையாது. அந்த வைரஸ் உறைந்த இறைச்சியில் வருடக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும், இரத்தத்திலும் சாணத்திலும் ஒட்டிச் சப்பாத்தில் பயணம் போகும். சாப்பாட்டுக் கடையிலிருந்து வாளியில் வருகிற மிச்சச் சோற்றைக் கொதிக்கவைக்காமல் கொடுக்காதீர்கள், வியாபாரியை உள்ளே விடாதீர்கள் என்று பட்டி பட்டியாகச் சொல்லப் புறப்பட்டேன்.

அக்கா முழுதையும் கேட்டார். கேட்டுவிட்டு, என் தோளில் கிடந்த அளவு நாடாவைக் காட்டினார். பன்றியின் நெஞ்சைச் சுற்றி அளந்து நிறையைக் கணிக்கிற துணி நாடா. ஓரம் கறுத்து, முதல் பத்து அங்குலத்து எண்கள் சாணம் படிந்து அழிந்திருந்தன.

"இதக் கடைசியா எப்ப கழுவின சேர்?"

அன்று காலையில் வேறு இரண்டு பட்டிகளில் அதே நாடா, அதே சப்பாத்து. அந்த இரண்டிலும் வருத்தம் வரவில்லை. அது என் கெட்டித்தனமில்லை. முந்தைய வருடங்களில் அந்த நாடா எதை எங்கே கொண்டுபோய் வைத்ததோ.

இப்போது அவருடைய படலையில் பிளீச்சிங் பவுடர் கரைத்த பேசின் ஒன்றும், எனக்கென்று ஒரு சோடி பழைய சப்பாத்தும் இருக்கின்றன. நாடாவும் அவருடையதுதான், கூரைக் கம்பில் தொங்குகிறது. கூட்டைக் காலியாக்க இன்னும் முடியவில்லை. பால் மறந்த குட்டிகளை மட்டும் கிணற்றடிப் பக்கம் தனிக் கொட்டிலுக்கு மாற்றியிருக்கிறார். போன கிழமை உள்ளே போக வேலை இருக்கவில்லை. வேலிக்கு இப்பால் நின்று மணிக்கூட்டைப் பார்த்து இருமலை எண்ணினேன். மூன்று நிமிடத்தில் ஐந்து. போன மாரியில் இருபதுக்கு மேல்.