துண்டு

டேட்டா சயன்ஸ் மாஸ்டர்ஸை இரண்டாம் செமஸ்டரோடு நிறுத்திட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு எம்.ஏ.வுக்கு விண்ணப்பமும் போட்டாச்சு. என் முதல் பட்டமும் வரலாறுதான். வேலை கிடைக்காதுங்கிற பயத்தில் நடுவில கம்பியூட்டர் பக்கம் ஓடினேன், அவ்வளவுதான்.

மனச மாத்தினது ஒரு அசைன்மென்ட். யார் கடனை ஒழுங்காகக் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று கணிக்கிற மொடல் செய்யணும். நல்லாவே வந்தது, மார்க்ஸும் கிடைச்சது. அந்த வாரம்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் பழைய வரலாறு ஒன்றைப் புரட்டி 'துண்டு' பற்றி மறுபடி வாசிச்சேன். இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுகிறோம் என்று துரை, அதாவது தோட்ட மேனேஜர், எழுதிக்கொடுக்கும் கடதாசி அது. தொழிலாளர்களை இந்தியாவிலிருந்து கூட்டிவந்த வழிச்செலவிலேயே கடன் தொடங்கிவிடும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய ஏலாது. 1921இல்தான் சட்டம் போட்டு ஒழிச்சாங்க. பிறகு என் எக்செல் ஷீட்டைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் எங்க பாட்டன் பூட்டன் நிக்கிற மாதிரியே இருந்தது.

அம்மா கொழுந்துக்கூடையை இறக்கி வச்சிட்டு, "அப்ப கட்டின பீஸு?" என்றார்.

"போச்சும்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. பிறகு, "எங்க அப்பாயி பேராச்சும் ஒனக்குத் தெரியுமா? படிக்கிறதுதான் படிக்கிற, அதையும் தேடு" என்று சொல்லிட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போயிட்டார்.

யார் வீட்டு ட்ரங்குப் பெட்டியிலாவது பழைய தோட்டக் கடதாசி கிடந்தால் இன்பொக்ஸ் வாங்க. லயத்துக் கூரை ஒழுகி நனைஞ்சதா இருந்தாலும் பரவாயில்ல.